மூன்று ஞாயிறு

மிக்கேல்துறை,
18-3-1952

தேவமாதா துணை.

பிரியமுள்ள சிலுவைதாசன் அண்ணனுக்குத் தங்கச்சி வியாகுலம்மாள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கொழும்பு வெயிலும் கருவாட்டு மண்டிக் கணக்கும் அண்ணன் உடம்பை வாட்டாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் கிரேசியும் சுகம். அவளுக்குக் கீழ்ப்பல் ஒன்று எட்டிப் பார்க்கிறது. பால் குடிக்கும்போது அதை என்மேல் பரீட்சை பார்க்கிறாள். உங்கள் மச்சான் ததேயுஸ் வள்ளக்காரர்களோடு கொல்லத்துக் கடலுக்குப் போயிருக்கிறார். மழைக்காலம் தொடங்கின பிறகுதான் வருவார்.

ஊரில் ஒரு காரியம் நடந்துவிட்டது. கொட்டாரம் ஊரிலிருந்து துணி விற்க மூட்டையோடு வருவாரே ரசலையன், அவர் நேற்று மேலத்தெருவில் ஒருத்தி வாசலில் மயங்கி விழுந்தார். "கொஞ்சம் வெள்ளம் தா மக்கா" என்று கேட்டாராம். அவள் அவர் தலையை மடியில் தாங்கிக் குடிக்கக் கொடுத்து, நிழலுக்கு இழுத்துக் கிடத்தியிருக்கிறாள். சாயங்காலம் முகத்தில் முத்து தெரிந்தது. பெரியம்மை. அவருடைய ஆட்கள் வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போனார்கள்.

அதோடு அண்ணன் ஊருக்கு எழுதிவைத்துவிட்டுப் போன அம்மைச் சட்டம் தூக்கம் கலைந்து எழுந்துவிட்டது. ஞானதாசன் உபதேசியார் கோயில் வாசலில் மணியடித்து அதை வாசித்தார். இன்று சாயங்கால செபம் முடிந்ததும் அந்தப் பெண் தென்னந்தோப்புக்கு அப்பால் கடலோரத்தில் ஓலைக் குடிசையாக இருக்கிற ஒதுக்குப்புரைக்குப் போக வேண்டும். அவளுக்குப் பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறது. பிள்ளை ரசலையனைத் தொடவில்லை. கூடக் கொண்டுபோனால் பிள்ளையும் ஒதுக்கமா? விட்டுவிட்டுப் போனால் பாலுக்கு என்ன வழி? எழுதினவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள்.

அவள் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தால் ஆள் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதாக ஊர் பேசும் என்று உபதேசியார் நினைக்கிறார். எனக்கும் அது சரியென்று படுகிறது. பதில் சீக்கிரம் போடுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புத் தங்கச்சி,
வியாகுலம்


கொழும்பு,
27-3-1952

என் அருமைத் தங்கச்சி வியாகுலத்துக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. உன் கடிதம் கிடைத்தது. சர்வேசுரன் தயவில் நான் நலம். கிரேசியின் பல்லுக்கு ஒரு முத்தம். முத்தத்தை நீ கொடு, கடியையும் நீயே வாங்கிக்கொள்.

அம்மை வந்த செய்தியில் பயந்துவிட்டேன். ஆனால் சட்டம் இருக்கிறது என்று நினைத்ததும் பயம் தணிந்தது. நாற்பத்தொன்பதில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அம்மையில் போன அப்பாவைத் தூக்கினவர்கள் வீட்டுக்குப் போனார்கள், வீட்டிலிருந்து சந்தைக்குப் போனார்கள், பிறகு கோயில் தோட்டத்தில் குழி தோண்ட ஆள் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். முதலில் "அம்மை கண்டவரைத் தொட்டவர் ஒதுக்கத்தில் இருக்க வேண்டும்" என்றுதான் எழுதியிருந்தேன். தொட்டவரைத் தொட்டவன் தப்பிவிடுவானே என்று ஒரு யோசனை. "அம்மை கண்டவரை" என்பதை அடித்துவிட்டு, "ஒதுக்கத்தில் இருப்பவரைத் தொட்டவரும் ஒதுக்கத்தில் இருப்பவரே, தொட்ட நாளிலிருந்து மூன்று ஞாயிறு கழிய வேண்டும்" என்று மாற்றினேன். அம்மை கண்டவர் எப்படியும் ஒதுக்கத்தில் இருப்பவர். மாற்றினது ஒரு சொல்தான். இரண்டாமவன், மூன்றாமவன், நூறாமவன் எல்லாரும் அதற்குள் அடக்கம். நூல் நுழைய ஓட்டை கிடையாது. உபதேசியாரே என் கையைப் பிடித்துப் பாராட்டினார்.

ஆகவே பிள்ளையைத் தூக்கினால் பிள்ளையும் ஒதுக்கத்தில்தான். இரண்டு பேரும் சேர்ந்தே இருக்கட்டும். புரை நல்ல காற்று வாங்கும் இடம், நானே பார்த்துக் கட்டச் சொன்னது. மூன்று ஞாயிறு கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். கஞ்சியை, புரையைச் சுற்றிக் கட்டின கயிற்றுக்கு வெளியே, கல்லின் மேல் வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளிருந்து துணியோ தாளோ எதுவும் வெளியே வரக் கூடாது.

உனக்கு ஒன்று சொல்கிறேன். நீ யாரைக் கண்டாலும் இளகிவிடுவாய். பாவம் பார்த்து அந்தப் பெண் பக்கம் போய்விடாதே. தூரத்தில் நில்.

உன் அண்ணன்,
சிலுவைதாசன்


மிக்கேல்துறை,
8-4-1952

தேவமாதா துணை.

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம். எழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். மீன் அறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டுவிட்டது. நான் சொல்லச் சொல்ல உபதேசியார் எழுதுகிறார். காற்று பலமாக இருப்பதால் நான் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, அவருக்கும் காது கொஞ்சம் மந்தம். பிழை இருந்தால் பாதி அவருடையது. நானும் கிரேசியும் சுகம். இன்னொரு பல்லும் வந்துவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது ஞாயிறு முந்தாநாள் கழிந்தது. அவளுக்கும் பிள்ளைக்கும் ஒரு கொப்புளம் இல்லை, காய்ச்சல் இல்லை. உபதேசியார் குருத்தோலையோடு கயிற்றை அவிழ்க்க வந்தார். அவளும் துணிமணியைக் கொளுத்திவிட்டு, தலை முழுகி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அப்போது கமிட்டித் தலைவர் நேசமணி சட்டத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். நாற்பத்தொன்பதில் இரண்டு பையன்களைப் புதைத்தவர் அவர். வாசித்து முடித்ததும் அவர் கேட்டார்: "இன்னைக்கு வெளுப்புக்கு அவ பிள்ளைக்குப் பால் குடுத்தாளா இல்லியா?"

விடியற்காலையில் கொடுத்தாள். பிள்ளை ஒதுக்கத்தில் இருப்பது. ஒதுக்கத்தில் இருப்பதைத் தொட்டால் தொட்ட நாளிலிருந்து மூன்று ஞாயிறு. ஆகவே அவளுக்கு இன்றிலிருந்து கணக்கு. அவள் தொட்டதால் பிள்ளைக்கும் இன்றிலிருந்து. நாளைக்கும் பிள்ளை பசித்து அழும், நாளைக்கும் அவள் எடுப்பாள். அப்போது நாளையிலிருந்து.  பிறகு கயிற்றை மறுபடி கட்டினார்கள்.

இது எப்போது முடியும் என்று அந்தப் பெண் கேட்கிறாள். கோபமாக இல்லை. பயந்துபோய்க் கேட்கிறாள்.

வியாகுலம்


கொழும்பு,
18-4-1952

அன்புத் தங்கச்சிக்கு உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். உன் விரல் எப்படி இருக்கிறது? மஞ்சளும் எண்ணெயும் போடு.

நேசமணி சொன்னது சட்டப்படி சரிதான். அவர் குணமே அப்படி, ஒரு எழுத்தை விடமாட்டார். நான் அவரை நினைத்துத்தான் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. அந்தப் பெண் பிள்ளையைத் தொடாமல் மூன்று ஞாயிறு இருக்கட்டும். பிள்ளையைத் தனியே ஒரு மூலையில் கிடத்தட்டும். கொஞ்சம் அழும், பிறகு அடங்கிவிடும். ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து வேறு யாராவது கொடுக்கட்டும்.

கொடுக்கிறவள் பிள்ளையைத் தூக்க வேண்டியிருக்கும். தூக்கினால் அவளும் உள்ளே. பிறகு அவளைத் தொட்டால்... இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். கொஞ்சம் யோசிக்க வேண்டும். மண்டியில் சரக்கு இறங்குகிற நேரம், முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

ததேயுஸிடமிருந்து கடிதம் உண்டா? உபதேசியாருக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம். அடுத்த கடிதத்தில் இடது கையாலாவது நீயே ஒரு வரி கிறுக்கி அனுப்பு. உன் எழுத்தைப் பார்க்காதது என்னவோபோல் இருக்கிறது.

அண்ணன்,
சிலுவைதாசன்


மிக்கேல்துறை,
29-4-1952

தேவமாதா துணை.

அண்ணனுக்கு ஸ்தோத்திரம். உங்கள் உடம்பு எப்படி? இங்கே எல்லாரும் சுகம். இதையும் உபதேசியார்தான் எழுதுகிறார்.

பிள்ளையை மூலையில் கிடத்தச் சொல்லி எழுதியிருந்தீர்கள். உபதேசியார் அதைக் கயிற்றுக்கு இப்புறம் நின்று வாசித்தார். அந்தப் பெண் அப்படியே செய்து பார்த்தாள். அண்ணன் சொல் என்று செய்தாள். பிள்ளை அழுது அழுது குரல் அடைத்துவிட்டது. அவள் காதைப் பொத்திக்கொண்டு புரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் பிள்ளை தவழ்ந்து வாசலைத் தாண்டிவிட்டது. புதிதாய்த் தவழக் கற்றுக்கொண்ட பிள்ளை. வாசலுக்கு முன்னால் கடல்தானே. பதனீர்க் கலயத்தைக் கல்லில் வைக்க வந்த செல்லக்கனி அதைப் பார்த்துவிட்டாள். நெற்றியில் நாமம் இட்டிருப்பாளே, பனையேறுகிற சுயம்புவின் பெஞ்சாதி, அவள்தான். கலயத்தைப் போட்டு உடைத்துவிட்டு, கயிற்றைத் தாண்டி ஓடி, அலை இழுக்கிறதற்குள் பிள்ளையை வாரி எடுத்துவிட்டாள்.

இப்போது செல்லக்கனியும் உள்ளே. சுயம்பு கயிற்றுக்கு அப்பால் வந்து நின்று அழுதுவிட்டுப் போகிறார். அதற்குப் பிறகு அந்தப் பெண் பிள்ளையைக் கீழே விடுவதே இல்லை. சட்டம் எப்படியும் போகட்டும் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று. கடல் மேலே ஏறுகிறது. சித்திரை முடியவில்லை, அதற்குள் பெரிய அலைக்கு நுரை புரையின் வாசல்படி வரை வருகிறது. இன்னும் ஒரு மாதத்தில் இடவப்பாதி மழை பிடித்தால் அந்த மணல் நிற்காது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வேறு இடத்தில் புரை கட்டலாமே என்று கேட்டதற்கு, கட்டுகிற ஆட்கள் உள்ளே இருப்பவர்களை நெருங்க வேண்டிவருமே என்கிறார்கள்.

இடது கையால் எழுதி அனுப்ப முடியாது அண்ணன். எழுத முடியும். அனுப்ப முடியாது.

வியாகுலம்


கொழும்பு,
8-5-1952

ஏட்டி வியாகுலம், அது நீயா?

சுகம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை. எழுத முடியும், அனுப்ப முடியாது. அந்த வரியை மண்டியில் நின்று எத்தனை தடவை வாசித்தேனோ தெரியாது. உள்ளிருந்து தாள் வெளியே வரக் கூடாது. நான் எழுதினதுதானே. நீ கத்தினதும் காற்றுக்காக இல்லை, உபதேசியார் காதுக்காக இல்லை. கயிற்றுக்கு உள்ளே நின்று கத்தியிருக்கிறாய். முதல் கடிதம் எழுதின அன்றே துணிமணியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் எழுதினாயா?

பிள்ளையை மூலையில் கிடத்து, அழுது அடங்கிவிடும் என்று நான் எழுதினேன். யாரோ ஒரு பெண்ணின் பிள்ளை என்று நினைத்து எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். அது கிரேசி. கிரேசி கடல் பக்கம் தவழ்ந்திருக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை மக்கா.

சட்டத்தைக் கிழித்துப் போடச் சொல். நான் சொன்னேன் என்று சொல். எழுதினவனே கிழிக்கச் சொல்கிறான், பிறகு என்ன? நான் புறப்படுகிறேன். இங்கே அனுமதிச் சீட்டுக்கு அலைய வேண்டும், திரும்பி வர விடுவார்களோ என்னவோ, அது கிடக்கட்டும். பயமாக இருக்கிறது வியாகுலம். நீ பயப்படாதே என்று எழுத வாய் வரவில்லை. எனக்கே அவ்வளவு பயம்.

அண்ணன்


மிக்கேல்துறை,
17-5-1952

திரு. சிலுவைதாசன் அவர்களுக்கு, உபதேசியார் ஞானதாசன் ஆசீர் கூறி எழுதுவது. ஆண்டவர் உம்மைக் காப்பாராக. உம் தங்கையும் பிள்ளையும் செல்லக்கனியும் இந்த நாள்வரை நோயின்றி இருக்கிறார்கள்.

உம் கடிதத்தைக் கயிற்றருகே வாசித்தேன். வியாகுலம் முதலில் சிரித்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெயர் எழுத வேண்டாம் என்று முதலில் சொன்னது நான். கடைசிவரை பிடிவாதமாக நின்றது அவள். உம் வேலை போய்விடும் என்றும், நீர் தங்கைக்காகச் சட்டத்தை வளைத்தால் அதைக் காட்டியே ஊர் அவளை வெளியே விடாது என்றும் சொன்னாள். அவள் சொன்னது மெய். உம் கடிதத்தைக் கேட்டதும் நேசமணி அதைத்தான் சொன்னார்.

கிழிக்கச் சொல்கிறீர். கிழிக்க எனக்கு இரண்டு கை போதும். ஆனால் இங்கே எல்லாரும் பயந்துபோய் இருக்கிறார்கள். இனயம் ஊரில் ஒரு வீட்டில் அம்மை என்று செய்தி வந்ததிலிருந்து ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. அந்தத் தாள் ஒன்றுதான் அவர்களைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அது போனால் கம்பெடுத்துக்கொண்டு அவரவர் தனித்தனிச் சட்டம் போடுவார்கள். அதில் மூன்று ஞாயிறுகூட இருக்காது.

நானும் தப்பவில்லை. போன வாரம் காற்றில் வியாகுலத்தின் சேலைத் தலைப்பு பறந்துவந்து என் முழங்கையில் பட்டது. யாரும் பார்க்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நானும் உள்ளே, பிறகு அவள் சொல்வதை எழுத ஆள் இல்லை. உபதேசியாராக இருந்துகொண்டு இதை மறைத்துத் திரிகிறேன்.

ஆகவே கிழிக்க வேண்டாம், திருத்தும். தாய்க்கு மட்டும், தங்கைக்கு மட்டும் என்று இராமல் எவருக்கும் பொருந்துகிறதாக இருக்கட்டும். நேசமணி பிடித்து உலுக்கினாலும் அசையக் கூடாது. சீக்கிரம். தோப்பின் கடல் பக்கத்துத் தென்னைகள் சாய்ந்துவிட்டன. புரைக்கும் கடலுக்கும் நடுவில் இப்போது ஒரு பாய் விரிக்கிற மணல்தான் இருக்கிறது.

ஞானதாசன்


கொழும்பு,
25-5-1952

மரியாதைக்குரிய உபதேசியார் அவர்களுக்கும் என் தங்கச்சிக்கும். உங்கள் உடல்நலம் கேட்டு எழுதுவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது.

மண்டி மேசையில் கருவாட்டுத் தலைகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ரசலையனுக்கு ஒரு வாளைத் தலை, வியாகுலத்துக்கு ஒரு சாளை, செல்லக்கனிக்கு ஒரு சாளை, கிரேசிக்கு ஒரு நெத்திலி. என் சட்டப்படி ஒவ்வொன்றாகத் தொடவைத்தேன். வாளையை மூன்று ஞாயிற்றில் மேசையைவிட்டு எடுத்துவிட முடிகிறது. நோய் கண்டவர் வெளியே போய்விடுகிறார். மற்ற மூன்றையும் எடுக்கவே முடியவில்லை. சாளையை எடுக்கப் போனால் நெத்திலி பிடித்து இழுக்கிறது, நெத்திலியை எடுக்கப் போனால் சாளை. அந்த மேசையில் நோயே இல்லை. நான் எழுதின வாக்கியம் ஒன்றுதான் இருக்கிறது, அது தன்னைத்தானே பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. முதலாளி எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பார்த்துவிட்டுப் போனார்.

"தாயும் பிள்ளையும் நீங்கலாக" என்று சேர்த்துப் பார்த்தேன். அப்போதும் செல்லக்கனி அங்கேயே கிடக்கிறாள். பிள்ளையைக் காப்பாற்றினவள் அவள். அவளை விட்டுவிட்டு எப்படி? அடித்த சொல்லையே திரும்பப் போட்டு, "அம்மை கண்டவரைத் தொட்டவர்" என்று மட்டும் வைத்தால், நாற்பத்தொன்பதில் அப்பாவைத் தூக்கினவர்களைத் தொட்டவர்கள் தப்பின மாதிரி தப்புவார்கள். நேசமணி அதை ஏற்க மாட்டார். ஏற்காதது நியாயம். அவர் பையன்கள் போனது அந்த ஓட்டை வழியாகத்தான்.

கடைசியில் தெரிந்தது. சட்டம் வெளியே நிற்கிறவரை உள்ளே கொண்டுவருவதற்கு. உள்ளே இருக்கிறவரை மறுபடி உள்ளே கொண்டுவருவதற்கு என்ன இருக்கிறது? அதனால் பழைய வாக்கியத்தில் ஒரு எழுத்தையும் தொட வேண்டாம். அதன் கீழே இதைச் சேர்த்து வாசியுங்கள்:

"ஏற்கெனவே ஒதுக்கத்தில் எண்ணப்பட்டவரை மறுபடி எண்ணலாகாது. அவரவர் நாள் அவரவருடைய முதல் தொடுதலிலிருந்து மட்டும். உள்ளே இருப்பவர்களில் ஒருவருக்கு அம்மை கண்டாலன்றி, அவர்கள் ஒருவரையொருவர் தொடுவது தொடுதல் ஆகாது."

இதில் தங்கச்சி என்ற சொல் இல்லை. நேசமணி எங்கே வேண்டுமானாலும் பிடித்து உலுக்கட்டும். இந்தக் கணக்கில் வியாகுலம் குருத்தோலை ஞாயிறு அன்றே வெளியே வந்திருக்க வேண்டும். செல்லக்கனிக்கும் நாள் கழிந்துவிட்டது. சேலைத் தலைப்பு பட்டவருக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். அவர் எப்போது சொன்னாலும் மூன்று ஞாயிற்றுக்கு மேல் இருக்க வேண்டாம்.

அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது. வேலையை விட்டுவிட்டேன். மழை தொடங்குவதற்கு முன் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும். நான் பின்னால் வருகிறேன்.

சிலுவைதாசன்


முகாமிலிருந்து,
5-6-1952

அன்புத் தங்கச்சி வியாகுலத்துக்கு. நீ எங்கே இருந்து இதைப் படிக்கிறாய், படிக்கிறாயா என்றே தெரியாமல் எழுதுகிறேன்.

கப்பலிலிருந்து நம் கரையில் இறங்கினதும் நோய்க் காவல் என்று எங்களைப் பிடித்து ஒரு தகரக் கொட்டகையில் போட்டுவிட்டார்கள். கூட வந்தவர்களில் ஒருவருக்கு அம்மை. அவர் என் பக்கத்துப் பாயில்தான் கிடக்கிறார், கொட்டகையில் வேறு இடம் இல்லை. வெளியே போக முடியாது. நம் பக்கம் மழை பிடித்துவிட்டது என்று காவல்காரர் சொன்னார். மேற்குக் கரையில் கடல் வீடுகளை எடுத்துக்கொண்டு போகிறதாம். எந்த ஊர் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

கடிதம் வந்ததா? வாசித்தார்களா? கயிற்றை அவிழ்த்தார்களா? ஒரு வரி போடு. உபதேசியார் கையெழுத்தாக இருந்தாலும் போதும். என் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே, கொழும்பில் வேலைக்குச் சேரும்போது இரண்டு தடவை அம்மை குத்தியிருக்கிறார்கள், தழும்பு இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்துப் பாய்க்காரர் காலையிலிருந்து தண்ணீர் கேட்கிறார். எழுந்திருக்க முடியவில்லை அவரால். நான் குவளையைக் காலால் தள்ளிவிட்டேன். பாதி தரையில் கொட்டிவிட்டது. மறுபடி கேட்கிறார். என் பயத்தில் எனக்குக் கை நீளவில்லை. தழும்பு இருந்தும் நீளவில்லை. நீ எப்படிக் கொடுத்தாய்?

அண்ணன்


மிக்கேல்துறை,
15-6-1952

தேவமாதா துணை.

பிரியமுள்ள அண்ணனுக்கு வியாகுலம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. எழுத்தைப் பார்த்தீர்களா? என்னுடையதுதான். விரலில் ஒரு காலத்திலும் வெட்டு இல்லை. நானும் கிரேசியும் வீட்டில் இருக்கிறோம். ததேயுஸ் வந்துவிட்டார். இவ்வளவு நாள் எனக்குச் சொல்லாமல் விட்டாயே என்று ஒரு நாள் முழுதும் என்னோடு பேசவில்லை, இப்போது பேசுகிறார்.

உங்கள் கடிதம் மழையோடுதான் வந்தது. அன்று காலையிலேயே அலை புரைக்குள் ஏறிவிட்டது. நானும் செல்லக்கனியும் மாற்றி மாற்றிக் கிரேசியைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றோம். முழங்கால் தண்ணீர். கயிற்றுக்கு அப்பால் ஊரே நின்று பார்த்தது. அழுதார்கள், கும்பிட்டார்கள், ஒருவரும் வரவில்லை. அவர்களைச் சொல்லி என்ன, நானாக இருந்தால் வந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. அவ்வளவு பயம் அவர்கள் முகத்தில். எனக்கு இருந்ததைவிட அதிகம்.

உபதேசியார் தாளை மழையில் நனையாமல் குடைக்குள் பிடித்துக்கொண்டு வாசித்தார். காற்றில் பாதிதான் எங்களுக்குக் கேட்டது. நேசமணி மாமா கேட்டுவிட்டு, இது அண்ணன் தங்கச்சிக்காக எழுதினது என்றார். உபதேசியார் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "வியாகுலம் அவனுக்க தங்கச்சி. செல்லக்கனி ஆருக்க தங்கச்சி?" என்று கேட்டார். பிறகு தன் முழங்கையைத் தூக்கிக் காட்டி, சேலைத் தலைப்பு பட்டதை எல்லார் முன்பும் சொன்னார். பழைய சட்டப்படி அத்தனை பேரும் ஒதுக்கத்தில்தான், கோயிலில் ஸ்தோத்திரம் சொல்லும்போது எல்லாரும் தன் கையைத் தொட்டிருக்கிறார்கள், ஆகவே கயிற்றுக்கு எந்தப் பக்கம் புரை என்று நேசமணியே சொல்லட்டும் என்றார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விலகி நின்றார்கள். அப்போதுதான் ரசலையன் வந்தார். முகமெல்லாம் தழும்பு. எனக்கு ஒரு சேலை கொடுக்க வேண்டும் என்று கொட்டாரத்திலிருந்து வந்தவர், மழையில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "நான் தீனம் கண்டவன். வெளிய நடக்கேன். எனக்கு வெள்ளம் தந்தவ இன்னும் உள்ளேயா நிக்கா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நேசமணி மாமா சேர்த்து எழுதின வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். கேட்டார். பிறகு அவரே கயிற்றை அவிழ்த்தார். நனைந்த முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தார்.

நாங்கள் தோப்பு ஏறித் திரும்பிப் பார்த்தபோது புரை நின்ற இடத்தில் கடல்தான் இருந்தது.

ஊர் இன்னும் பயத்தில்தான் இருக்கிறது. கிணற்றடியில் நான் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். கிரேசியை யாரும் கையில் எடுப்பதில்லை. அவள் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறாள், பிறகு மடக்கிக்கொள்கிறாள். அது எனக்குத் தாங்கவில்லை. உபதேசியார் அன்றே தானாகப் போய்ப் பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் ஒதுங்கிக்கொண்டார். தலைப்பு பட்ட நாளிலிருந்து எண்ணினால் மூன்று ஞாயிறும் முன்பே கழிந்துவிட்டது, மறைத்ததற்காகத் தானே போட்டுக்கொண்டது இரண்டு ஞாயிறு என்று கயிற்றுக்கு உள்ளே நின்று கணக்குச் சொன்னார். இன்று அதுவும் கழிந்தது. கோயிலில் பூசை முடிந்ததும் பின்கட்டிலிருந்து வெளியே வந்தவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து கிரேசியைத் தூக்கினார். அவள் அவர் காதைக் கடித்தாள்.

எப்படிக் கொடுத்தாய் என்று கேட்டிருந்தீர்கள். தைரியம் ஒன்றும் இல்லை அண்ணன். அவர் கேட்டார், குடம் பக்கத்தில் இருந்தது. பயம் பிறகுதான் வந்தது, வந்தபின் போகவே இல்லை, இதை எழுதும்போதும் இருக்கிறது.

பக்கத்துப் பாய்க்காரர் இன்னும் இருந்தால், மறுபடி கேட்டால், தலையைத் தாங்கிக் கையால் கொடுங்கள். காலால் தள்ள வேண்டாம். உங்களுக்கு ஒதுக்கம் என்று சொல்வார்கள், சொல்லட்டும். மூன்று ஞாயிறுதானே. இப்போது மூன்று என்றால் மூன்று.

வழி பார்த்திருக்கும் தங்கச்சி,
வியாகுலம்